போதகர் ஐயா மாற்றிப் படித்த தாள்

போதகர் ஐயாவுக்கு உட்கார்ந்தால் ஜெபம் வராது, தூக்கம்தான் வரும். இதை அவரே பிரசங்க மேடையில் நின்று ஒப்புக்கொண்டிருக்கிறார். ஊழியத்துக்கு வருமுன் எட்டு வருஷம் தபால் நிலையத்தில் கடிதம் பிரித்தவர். தெருவாரியாகப் பெட்டி வைத்து, பெட்டிக்குப் பெட்டி நடந்து கடிதங்களைப் போட்டுப் போட்டுப் பழகிவிட்டதால், இன்றைக்கும் கால் ஓடினால்தான் அவருக்கு மனசு ஓடும். முழங்கால் போட்டால் மூன்றாவது நிமிஷம் குறட்டை. போதகரம்மா எத்தனையோ தடவை பின்னாலிருந்து இடித்து எழுப்பியிருக்கிறார்.

அதனால் ஐயா ஒரு வழி கண்டுபிடித்தார். தினமும் காலை ஆறு மணிக்கு ஆலயக் கதவைத் திறந்து, கடைசி பெஞ்சில் தொடங்கி ஒவ்வொரு பெஞ்சாக நின்று, அங்கே உட்காருகிறவர்களுக்காக ஜெபிப்பார். இதில் என்ன சௌகரியம் என்றால், சபையில் யாரும் இடம் மாறி உட்காருவதில்லை. விருந்தாளி யாராவது தெரியாமல் வந்து உட்கார்ந்துவிட்டால், அந்த இடத்துக்காரர் பக்கத்தில் வந்து நின்று பார்க்கிற பார்வையிலேயே விருந்தாளி எழுந்து ஓடிவிடுவார். பத்திரம் போட்டு வாங்கிய இடம்கூட அவ்வளவு உறுதியாக இருக்காது. ஆக, பெஞ்சைப் பார்த்தால் ஆள் ஞாபகம் வரும், ஆளோடு அவர் கஷ்டமும் ஞாபகம் வரும்.

கடைசி பெஞ்சில் லாரி ஓட்டுநர். பிரசங்கம் முடிகிற நேரம் பார்த்து வந்து சேருகிறவர். "ஆண்டவரே, இவர் வண்டியில் பிரேக் பிடிக்க வேண்டிய இடத்தில் பிடிக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கொஞ்சம் வேகமாக வரட்டும்." ஜன்னலோரப் பெஞ்சில் ஓய்வுபெற்ற நர்ஸும் தையல்காரரும். நர்ஸுக்கு ஜன்னல் திறந்திருக்க வேண்டும், தையல்காரருக்கு மூடியிருக்க வேண்டும். பத்து வருஷமாக ஒருவர் திறப்பார், ஒருவர் மூடுவார். இருவரில் யாரும் பெஞ்சை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். "இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் வியர்க்கப் பண்ணும் ஆண்டவரே" என்பது ஐயாவின் நெடுநாள் விண்ணப்பம். சபை என்றால் என்னவென்று யாராவது கேட்டால் இந்த ஜன்னலைத்தான் காட்டுவார். சண்டை போட்டுக்கொண்டே ஒரே பெஞ்சில் உட்காருகிறார்கள் பாருங்கள், அதுதான் சபை என்பார்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் முன்வரிசையில், ஹார்மோனியத்துக்குப் பக்கத்தில் ஒரு மர நாற்காலி கிடக்கிறது. அங்கே வந்ததும் ஐயாவின் கால் நிற்கவே நிற்காது. "ஆண்டவரே இவரை மன்னிக்க எனக்குப் பலம் தாரும் ஆமென்" என்று ஒரே மூச்சில், போகிற போக்கில் சொல்லிவிட்டுத் தாண்டிவிடுவார். மூன்று வருஷமாக அதே வரி. ஒரு எழுத்து கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

அது பாட்டுக்காரரின் நாற்காலி. இருபது வருஷமாகப் பாடகர் குழுவை நடத்துகிறவர் என்பதால் சபையில் அவருக்கு அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. பிழைப்புக்குக் கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை. ஐயாவைவிட ஏழெட்டு வயது இளையவர். ஒரு காலத்தில் ஐயா அவரை வாய் நிறைய "தம்பி" என்பார், அவரும் "ஐயா" என்று உருகுவார். இப்போது இவர் அவரை "சார்" என்கிறார். அவர் இவரை "பாஸ்டர்" என்கிறார். மரியாதை கூடக்கூட ஆட்கள் தள்ளிப் போனார்கள் என்று நீங்களே புரிந்துகொள்ளுங்கள்.

நடந்தது இதுதான். மூன்று வருஷத்துக்கு முன் ஒரே வாரத்தில் சபையில் இரண்டு சாவு. செவ்வாய்க்கிழமை தச்சரின் பெரியம்மா. வியாழக்கிழமை பாட்டுக்காரரின் அம்மா. யார் இறந்தாலும் ஐயா அந்த வீட்டுக்குப் போய் உட்கார்ந்து, இறந்தவரைப் பற்றி நாலு பேரிடம் விசாரித்து, அரைத்தாளில் குறித்துக்கொண்டு வந்து, அதை வைத்துத்தான் அடக்க ஆராதனையில் பேசுவார். அது அவர் தொழில் ஒழுங்கு. அந்த வாரம் அவருக்குக் காய்ச்சல் வேறு. இரண்டு அரைத்தாளும் அங்கியின் ஒரே பையில் கிடந்தன. வியாழக்கிழமை கையை விட்டு எடுத்தது செவ்வாய்க்கிழமைத் தாள்.

தச்சரின் பெரியம்மா இருக்கிற இடம் தெரியாமல் இருந்தவர். பாட்டுக்காரரின் அம்மாவோ காய்கறிச் சந்தையில் முப்பது வருஷம் தராசு பிடித்தவர். அவர் விலை சொன்னால் சந்தையின் அடுத்த வாசலில் நிற்கிறவன் பையைத் திறப்பான். அப்படிப்பட்ட பெண்மணியின் சவப்பெட்டிக்கு முன்னால் நின்று நம் ஐயா, காய்ச்சல் கண்ணோடு, தன் பாட்டுக்குப் படிக்கிறார்: "இந்தத் தாயார் அதிர்ந்து ஒரு வார்த்தை பேசியதில்லை. இவர் குரலைப் பக்கத்து வீட்டுக்காரர்கள்கூடக் கேட்டதில்லை." பின்வரிசையில் யாரோ 'களுக்' என்றார்கள். அது பெஞ்சு பெஞ்சாக முன்னால் வந்தது. ஐயா விட்டாரா? "எட்டுப் பிள்ளைகளைப் பெற்று வளர்த்து" என்று அடுத்த வரிக்குப் போனார். அவ்வளவுதான், அடக்கிவைத்த சிரிப்பெல்லாம் அணை உடைந்தது. அப்போது பாட்டுக்காரர் எழுந்து நின்று, ஆலயமே அதிரும்படி, "பாஸ்டர்! எங்கம்மாவுக்கு நான் ஒருத்தன்தான். நீங்க படிக்கிறது வேற யாரையோ!" என்றார்.

ஐயாவின் முகத்தில் ஈயாடவில்லை. "சிறு தவறு நிகழ்ந்துவிட்டது, மன்னிக்கவும்" என்று, மைக் வேலை செய்யாவிட்டால் சொல்வது போல் சொல்லிவிட்டு, அவசரமாக ஒரு ஜெபத்தைப் பண்ணி முடித்தார். கடிதம் பிரித்த எட்டு வருஷத்தில் ஒரு கடிதம் முகவரி மாறிப் போனதில்லை என்று பெருமையடித்துக்கொள்கிற மனுஷன். ஊரே கூடியிருந்த இடத்தில் பாட்டுக்காரர் தன்னைக் கோமாளி ஆக்கிவிட்டாரே, காதோடு வந்து சொல்லியிருக்கக் கூடாதா என்று அவருக்குப் பொறுக்கவில்லை. அன்றைக்கு மனசில் ஏறியது இறங்கவேயில்லை.

அதற்குப் பிறகு இரண்டு பேரும் நடத்திய கூத்து இருக்கிறதே! ஆராதனையின் நடுவில் எல்லோரும் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக் கைகுலுக்குகிற நேரம் ஒன்று உண்டு. ஐயா மேடையிலிருந்து இறங்கி, பாடகர் குழுவுக்கு நேரெதிர்ப் பக்கமாகத் திரும்பி, கடைசி பெஞ்சு வரைக்கும் போய், குழந்தைகளின் கையைக்கூட விடாமல் குலுக்கி, சுற்றிக்கொண்டு ஹார்மோனியத்துக்குப் பத்தடி தூரத்தில் வருவார். சரியாக அந்த நொடியில் பாட்டுக்காரர் அடுத்த பாட்டைத் தொடங்குவார். பாட்டு தொடங்கிவிட்டால் கைகுலுக்க முடியுமா? ஐயா நிம்மதியாக மேடை ஏறுவார். மூன்று வருஷத்தில் ஒரு ஞாயிறுகூடத் தப்பவில்லை. சேர்ந்து ஒத்திகை பார்த்தால்கூட அப்படி அமையாது. இதில் இன்னொரு கண்ராவி, ஊரில் இருப்பது அந்த ஒரே கண்ணாடிக் கடை. அங்கே காலை வைக்கமாட்டேன் என்று ஐயா பழைய கண்ணாடியையே போட்டுக்கொண்டு, அறிவிப்புத் தாளை ஒரு கை தூரத்தில் பிடித்துக்கொண்டு, பாதி கண்ணாலும் பாதி உத்தேசத்தாலும் காலத்தை ஓட்டினார்.

போன மாதம் ஒரு திங்கட்கிழமை பாட்டுக்காரரிடமிருந்து கடிதம் வந்தது. ஐயா அதை ஜன்னல் வெளிச்சத்தில் நீட்டிப் பார்த்தார், சுருக்கிப் பார்த்தார். கடைசியில் போதகரம்மா வெடுக்கென்று பிடுங்கிப் படித்தார். அவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். சுற்றி வளைக்கிற பேச்சு அவரிடம் கிடையாது.

"குடும்பத்தோட வேற சபைக்கு மாறிக்கிறாராம். மாத்தல் கடிதம் கேக்கறார். வர்ற ஞாயித்துக்கிழமைதான் கடைசியாம். காரணம்னு ஒண்ணும் எழுதல" என்றார் போதகரம்மா.

ஐயாவுக்கு முதலில் வந்தது நிம்மதி. வெட்கத்தைவிட்டுச் சொன்னால், விட்டது தொல்லை என்றுதான் இருந்தது. அடுத்த நிமிஷமே அது போய்விட்டது. இருபது வருஷம் அந்த ஆலயத்தில் பாடின மனுஷன் தன்னால் கிளம்பிப் போகிறார். ஞாயிறு தாண்டிவிட்டால் பிறகு எந்த முகத்தை வைத்துக்கொண்டு மன்னிப்பைப் பற்றி மேடையில் பேசுவது? பேசாமலும் இருக்க முடியாதே, வருஷத்துக்கு ஆறு பிரசங்கமாவது அதைப் பற்றித்தானே வருகிறது.

"போய்ப் பாருங்க அவர" என்றார் போதகரம்மா.

"நான் எதுக்குப் போகணும்? மன்னிக்க வேண்டியவன் நான். மூணு வருஷமா தினமும் அதுக்காக ஜெபம் பண்ணிட்டுதானே இருக்கேன்? பலம் கிடைக்கலைன்னா நான் என்ன பண்றது?"

"மன்னிக்கிற அளவுக்கு அவர் என்ன தப்பு பண்ணினார்?"

"எல்லார் முன்னாடியும் எழுந்து நின்னு..." என்று ஐயா ஆரம்பித்தார்.

"நீங்க வேற பேப்பரப் படிச்சீங்க. அவர் வேற பேப்பர்னு சொன்னார். இதுல தப்பு யார் கணக்குல வருது? எனக்குத் தெரிஞ்ச கணக்குல அவர் பக்கம் ஒண்ணுமே வரலையே."

"நீ சும்மா இரு" என்றார் ஐயா. பதில் இல்லாதபோது அவர் சொல்கிற ஒரே வாக்கியம் அது. போதகரம்மாவும் சும்மா இருக்கிற ஆளில்லை. சாப்பாட்டுத் தட்டை வைக்கும்போது ஒரு தடவை, விளக்கை அணைக்கும்போது ஒரு தடவை, "என்ன தப்பு பண்ணினார்னு யோசிச்சீங்களா?" என்று கேட்டு வைத்தார்.

மறுநாள் காலை வழக்கம்போல் பெஞ்சு பெஞ்சாக வந்தார். லாரிக்காரர் முடிந்தது, ஜன்னல் முடிந்தது. மர நாற்காலிக்கு வந்து "ஆண்டவரே இவரை மன்னிக்க" என்று ஆரம்பித்தவருக்கு அதற்கு மேல் நாக்கு எழவில்லை. எதை மன்னிக்க? மனைவியின் கேள்வி குறுக்கே வந்து நின்றுகொண்டது. மூன்று வருஷமாகப் பலம் வரவில்லையே, ஆண்டவர் என்ன காது கேளாதவரா என்று எத்தனை நாள் உள்ளுக்குள் முனகியிருக்கிறார். விண்ணப்பமே தப்பாக இருந்தால் அவர்தான் எப்படிப் பதில் கொடுப்பார்? கடன் வாங்கினவனே போய், கொடுத்தவனை மன்னிக்கப் பலம் தாரும் என்று கேட்டால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? ஐயா அந்த நாற்காலியிலேயே பொத்தென்று உட்கார்ந்தார். அன்றைக்கு உட்கார்ந்தும் தூக்கம் வரவில்லை.

பத்து மணிக்கெல்லாம் கடைத்தெருவில் இருந்தார். கண்ணாடிக் கடைக்கு எதிரே செருப்புக் கடை வாசலில் நின்று, வாங்காத செருப்புக்கெல்லாம் விலை கேட்டார். செருப்புக் கடைக்காரர் நாலு ஜோடியைக் காலில் மாட்டிவிட்ட பிறகு, வேறு வழியில்லாமல் ஐயா தெருவைத் தாண்டினார்.

கடை நீளவாக்கில் குறுகலாக இருந்தது. இரண்டு பக்கச் சுவரிலும் கண்ணாடிச் சட்டங்கள் வரிசையாக மாட்டியிருந்தன. உள்ளே ஒரு சின்ன மோட்டாரில் பாட்டுக்காரர் லென்ஸின் ஓரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தவர் மோட்டாரை நிறுத்தினார்.

"வாங்க பாஸ்டர். மாத்தல் கடிதம் கொண்டுவந்தீங்களா?"

ஐயா எத்தனையோ வாக்கியங்களை வழியெல்லாம் அடுக்கிக்கொண்டு வந்திருந்தார். எல்லாம் எங்கே போனதோ! "இல்ல சார், கண்ணு... கண்ணு பார்க்கலாம்னு" என்று அசடு வழிந்தார்.

பாட்டுக்காரர் உயரமான நாற்காலியைக் காட்டினார். லென்ஸ் மாற்றி மாற்றிப் போடுகிற அந்தக் கனமான சோதனைச் சட்டத்தை ஐயாவின் மூக்கில் ஏற்றி, ஒரு கண்ணைக் கறுப்பு வில்லையால் மூடினார். எதிர்ச் சுவரில் எழுத்துப் பலகை.

"படிங்க."

"முதல் வரி தெரியுது. ரெண்டாவது வரி... அங்க வரி இருக்கா?"

"மூணு வருஷமா இந்தக் கண்ணாடியோடயா பிரசங்கம் பண்றீங்க?" பாட்டுக்காரர் தலையில் அடித்துக்கொள்ளாத குறையாக லென்ஸ் ஒன்றை மாற்றினார். "இது நல்லாருக்கா, இதுக்கு முந்தினது நல்லாருக்கா?"

மூக்கில் அந்தப் பாரம், ஒரு கண் மூடி, தலையை அசைக்கக்கூடாது என்ற உத்தரவு. எழுந்து ஓட வழியில்லை. ஐயா எழுத்துப் பலகையைப் பார்த்துக்கொண்டே, "தம்பி, அன்னைக்கு உங்க அம்மா அடக்கத்துல நான் வேற பேப்பரப் படிச்சிட்டேன். அது என் தப்பு. மூணு வருஷமா உங்க மேல கோபமா இருந்தேன், அது அதைவிடப் பெரிய தப்பு. என்ன மன்னிச்சிடுங்க" என்றார்.

பாட்டுக்காரர் கையிலிருந்த லென்ஸை மேஜையில் வைத்தார்.

"பேப்பர் மாறினதுக்கா இவ்வளவு வருத்தம்?" என்றார் பாட்டுக்காரர். "எனக்கு அதுல கோபமே இல்ல. நானே போன மாசம் ஒருத்தர் லென்ஸ இன்னொருத்தருக்கு மாட்டிக் கொடுத்தேன். அவர் படியில உருண்டு விழப் பார்த்தார். வேலைன்னா மாறத்தான் செய்யும்."

"அப்போ எதுக்கு..."

"சிரிச்சாங்க."

"ஆமா, என்னப் பார்த்து எல்லாரும்..."

"உங்களயா?" என்றார் பாட்டுக்காரர். "எங்கம்மாவப் பார்த்துச் சிரிச்சாங்க. அதிர்ந்து பேசாதவங்கன்னு நீங்க சொன்னதும், இவளா, இந்த வாயாடியான்னு சிரிச்சாங்க. பெட்டி மூடாம இருக்கு. நான் பக்கத்துல உட்கார்ந்திருக்கேன். எட்டுப் பிள்ளைன்னு நீங்க சொன்னதுக்காக நான் எழுந்திரிச்சேன்னா நினைக்கிறீங்க? அந்தச் சிரிப்ப நிறுத்த எழுந்திரிச்சேன். வேற என்ன பண்றதுன்னு எனக்குத் தெரியல. அப்பவும் நீங்க ஒரு வார்த்தை, சிரிக்காதீங்கன்னு ஒரு வார்த்தை சொல்லல."

ஐயாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அன்றைக்கு ஆலயத்தில் எழுந்த சிரிப்பை மூன்று வருஷமாகத் தன்னுடையது என்று நினைத்து மடியில் கட்டிக்கொண்டு திரிந்திருக்கிறார். செத்துப்போன தாயின் மேல் விழுந்த சிரிப்பு அது என்பது ஒரு நாளும், ஒரே ஒரு நாளும் தோன்றவில்லை. சாவு வீட்டிலும் தன்னைத்தானே பார்த்துக்கொண்டிருந்தவன் நான் என்று நினைத்தபோது அவருக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. சோதனைச் சட்டத்துக்கு அடியில் கண்ணீர் வழிந்து மீசைக்குள் இறங்கியது.

"அழாதீங்க" என்றார் பாட்டுக்காரர். அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. "நம்பர் தப்பா வந்திரும்."

இதுதான் கண் திறந்த கதை என்று பிரசங்கத்துக்கு ஒரு தலைப்பு ஐயாவின் தலைக்குள் எட்டிப் பார்த்ததாக அவரே பிறகு சொன்னார். தொழில் புத்தி, விடாது. நல்ல வேளை, அந்தப் பிரசங்கத்தை அவர் இன்றுவரை பண்ணவில்லை.

"ஜெபம் பண்ணுங்க" என்றார் பாட்டுக்காரர் திடீரென்று. "வந்ததுக்கு ஒரு ஜெபம் பண்ணிட்டுப் போங்க."

கல்யாண வீட்டிலும் கடைத் திறப்பிலும் ஜெபம் என்று கண்ணை மூடினால் கால் மணி நேரம் திறக்காத ஐயாவுக்கு ஒரு வார்த்தை கிடைக்கவில்லை. "அப்பா, தப்பு என்னுடையது" என்றார். பிறகு எவ்வளவோ தேடிப் பார்த்துவிட்டு "ஆமென்" என்றார்.

"ஆமென்" என்றார் பாட்டுக்காரரும், கொஞ்சம் சத்தமாகவே. "ஐயா, உங்க ஜெபத்துக்கு நான் மனசார ஆமென் சொல்லி எவ்வளவு காலமாச்சு தெரியுமா?"

'ஐயா' என்று கேட்டதும் இவருக்கு மறுபடி அழுகை வந்துவிட்டது. அப்புறம் எங்கே கண் பரிசோதனை? பாட்டுக்காரர் தேநீர் வரவழைத்தார். ஐயா லென்ஸ் நம்பர் எழுதுகிற தாளில் ஒன்றைக் கிழித்து முழங்காலில் வைத்துக்கொண்டார்.

"உங்கம்மாவப் பத்திச் சொல்லுங்க தம்பி."

"உங்களுக்குத் தெரியாததா?"

"எனக்குத் தெரிஞ்சது வேற. நீங்க சொல்லுங்க, நான் எழுதிக்கிறேன். வர்ற ஞாயித்துக்கிழமை சபையில சொல்லணும்."

பாட்டுக்காரரின் முகம் இறுகியது. "மறுபடி சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். இந்தத் தடவை அவங்க நிஜமாப் பேசினதுக்குச் சிரிக்கட்டும். அதுக்கு நான் பொறுப்பு."

பாட்டுக்காரர் கடைக் கதவைப் பாதி சாத்திவிட்டு வந்து உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தார். ஒரு மணி தாண்டியும் முடியவில்லை. கண்ணாடி வாங்க வந்த இரண்டு பேர் எட்டிப் பார்த்துவிட்டு, இரண்டு பெரிய மனுஷர்கள் மாறி மாறி மூக்கைச் சிந்திக்கொண்டு சிரிப்பதைக் கண்டு, எதற்கு வம்பு என்று போய்விட்டார்கள்.

வீட்டுக்கு வந்து ஐயா எல்லாவற்றையும் போதகரம்மாவிடம் சொன்னார். சொல்லி முடித்து, "அன்னைக்கு நீயும் சிரிச்சியா?" என்று கேட்டார்.

எதற்கும் சட்டென்று பதில் வைத்திருக்கிற போதகரம்மா கையிலிருந்த விடைத்தாள்களை மேஜையில் தட்டித் தட்டி அடுக்கினார். "சிரிச்சேங்க" என்றார் மெதுவாக. "அவர் பெட்டி பக்கத்துல உட்கார்ந்திருந்ததப் பார்த்துக்கிட்டே சிரிச்சேன்." அன்று மாலை அவர் தனியாகக் கண்ணாடிக் கடைக்குப் போய்வந்தார். என்ன பேசினார் என்று ஐயா கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆலயம் நிறைந்திருந்தது. பாட்டுக்காரர் போகிறாராம் என்ற செய்தி பரவியிருந்ததால் லாரிக்காரர்கூட முதல் பாட்டுக்கே வந்துவிட்டார். ஐயா மேடையேறினார். கண் பரிசோதனைதான் நடுவில் நின்றுபோனதே, மூக்கில் அதே பழைய கண்ணாடிதான். தாளை எடுத்தார், பார்த்தார், மடித்துப் பையில் வைத்தார்.

"மூணு வருஷத்துக்கு முன்னாடி இந்த இடத்துல நின்னு ஒரு அம்மாவப் பத்தி நான் பொய் சொன்னேன்" என்றார். "பேப்பர் மாறிப் போச்சு. அது சின்னத் தப்பு. அந்தம்மாவப் பார்த்து நாம எல்லாரும் சிரிச்சோம், நான் நிறுத்தல. அது சின்னத் தப்பு இல்ல. அவங்க அதிர்ந்து பேசாதவங்க இல்ல. அவங்க பேசினா இந்தக் கூரை ஓடு ஆடும்."

பாட்டுக்காரர் ஹார்மோனியத்தின் மேல் கையை ஊன்றித் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சிரிப்புக்குப் பொறுப்பு நான் என்று ஐயா வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். மறுபடி தவறாகப் போனால் இந்த மனுஷனை இனி எந்தக் காலத்திலும் பார்க்க முடியாது.

"நான் இங்க வந்த முதல் மாசம். பிரசங்கம் முடிஞ்சதும் அந்தம்மா வாசல்ல என்னப் பிடிச்சாங்க. 'ஐயா, எங்க முடிக்கணும்னு தெரியலைன்னா எனக்குக் கையக் காட்டுங்க. நான் எழுந்து நின்னு பாட ஆரம்பிச்சிடறேன்'னாங்க. பாடகர் குழு பாட்ட இழுத்தா, உட்கார்ந்த இடத்துல இருந்தே, 'ஏய், என்ன ரப்பரா? அறுந்துறப் போகுது'ம்பாங்க. ஜன்னல் சண்டை தெரியுமில்ல? ஒரு நாள் நேரா வந்து ஜன்னல் கதவையே கழட்டிக் கையில எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்க. ரெண்டு வாரம் கழிச்சுதான் கொடுத்தாங்க!"

நர்ஸ் முதலில் சிரித்தார். தையல்காரர் சிரித்தார். பிறகு ஆலயமே சிரித்தது. ஐயா யாரையும் பார்க்கவில்லை, மர நாற்காலியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். பாட்டுக்காரரின் தோள் குலுங்கியது. அழுகிறாரா என்று ஐயாவுக்குக் கதிகலங்கியது. அவர் முகத்தை நிமிர்த்தினார். மனுஷன் கண்ணில் நீர் வழியச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"காய்ச்சல் வந்த வீட்டுக்கெல்லாம் முதல் காய்கறிப் பை அவங்க கையிலதான் போகும்" என்றார் ஐயா. "கொடுத்துட்டுச் சும்மா வருவாங்களா? மழையில நனைஞ்சியான்னு நாலு திட்டும் திட்டிட்டுத்தான் வருவாங்க. எனக்கே அப்படி ரெண்டு பை வந்திருக்கு." பின்பெஞ்சிலிருந்து "எனக்கும் வந்துச்சு" என்றார் லாரிக்காரர். "எங்களுக்கும்" என்று இன்னும் ஏழெட்டுக் குரல்கள்.

பாட்டுக்காரர் எழுந்தார். மேடைக்கு வரவில்லை. ஹார்மோனியத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற இடத்திலேயே பேசினார்.

"கடைசி ரெண்டு நாள் அவங்களுக்குக் குரல் போயிடுச்சு. பேச்சே வரல. ஆனா என்னைத் திட்டணுமே? கையால திட்டினாங்க. சட்டைப் பொத்தான் போடலையாம். சாப்பிடலையாம். விரல மடக்கி மடக்கிக் காட்டினாங்க. அப்புறம் என் தலையில கைய வச்சுக்கிட்டே தூங்கிட்டாங்க." அதற்கு மேல் அவரால் முடியவில்லை. யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். போதகரம்மா எழுந்து போய் அவர் மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

ஆராதனை முக்கால் மணி நேரம் தாமதமாக முடிந்தது. வழக்கமாகக் கடிகாரத்தைத் தட்டித் தட்டிக் காட்டுகிறவர்கள்கூட வாயைத் திறக்கவில்லை. வாசலில் ஒவ்வொருவராகப் பாட்டுக்காரரிடம் வந்து, அன்னைக்குச் சிரிச்சிட்டேன், மனசுல வச்சுக்காதீங்க என்றார்கள். கூட்டம் கலைந்த பிறகுதான் அவர் ஐயாவிடம் வந்தார்.

"நான் அனுப்பின கடிதம் உங்ககிட்டதானே இருக்கு?"

ஐயா பேய் முழி முழித்தார். திங்கட்கிழமைக்குப் பிறகு அவர் அதைப் பார்க்கவேயில்லை. போதகரம்மா பக்கத்தில் வந்து நின்று, "அதுவா? அத அன்னைக்கே கிழிச்சுப் போட்டுட்டேன். காரணம் எழுதாத விண்ணப்பம் செல்லாது" என்றார்.

பாட்டுக்காரர் சிரித்தார். பிறகு ஐயாவின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"இன்னைக்குத்தான் ஐயா எங்கம்மாவ அடக்கம் பண்ணினோம்" என்றார்.